எப்ப ஆச்சு?

காலையில் நான் எழுந்து கால் மணி நேரம் கழித்துத்தான் என் இடுப்பு எழுந்திருக்கும். அதுவரை கட்டில் ஓரத்தில் அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்திரண்டு வருஷம் பெட்டி தூக்கிய இடுப்பு, அந்த மரியாதையைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி? டாக்டரிடம் போனால் "வலி இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். எப்போதிலிருந்து என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் முன்னால் இருக்கும் தாளில் வலி உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான். உண்டு என்பதில் டிக் போட்டுவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுப்பார். களிம்புக்கு நல்ல வாசனை. வேறு குற்றம் சொல்ல முடியாது.

அந்த வியாழக்கிழமை மட்டும் இடுப்பை அவசரப்படுத்தினேன். பத்து மணிக்கு விசாரணை.

விசாரணை ஒட்டகத்தின் காலைப் பற்றியது. ஒட்டகம் என் கூட்டாளி. கழுத்து நீளம், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வான். பட்டப்பெயருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நாங்கள் வேலை செய்யும் கிடங்கில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் வந்து இறங்கும். இறங்கியதை மேல்தளத்துக்கு ஏற்றுவதும், ஏற்றியதை மறுபடி இறக்குவதும் எங்கள் பிழைப்பு. நடுவில் கதவில்லாத ஒரு சரக்கு லிஃப்ட். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை, அந்த லிஃப்ட் ஒட்டகத்தையும் நாலு வாஷிங் மெஷினையும் சுமந்துகொண்டு ஓர் ஆள் உயரம் விழுந்தது. வாஷிங் மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுவனம் அன்று மாலை அனுப்பிய அறிக்கையில் அதுதான் முதல் வரி. இரண்டாவது வரி அட்டைப் பெட்டியின் தரத்தைப் பாராட்டியது. ஒட்டகத்தின் இடது காலில் இரண்டு விரல் போனது மூன்றாவது வரியில் வந்தது.

லிஃப்ட் பழுது என்று முன்பே சொல்லியும் அதை ஓடவிட்டார்கள் என்றால் தப்பு நிறுவனத்தின் மேல். காலுக்கு வைத்தியம், ஆறு மாதம் சம்பளத்தோடு ஓய்வு, பிறகு உட்கார்ந்து செய்யும் வேலை. முன்பே யாரும் சொல்லவில்லை என்றால் தப்பு ஒட்டகத்தின் மேல். கவனக்குறைவு, அளவுக்கு மீறிய சுமை, வீட்டுக்குப் போகலாம். ஒட்டகத்துக்கு இருந்த ஒரே சாட்சி நான். லிஃப்ட் பழுது என்று சொன்னவன் நான்தான்.

சொல்வது என்றால் எங்கள் இடத்தில் வாயால் சொல்வதில்லை. வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது என்பதைக் கண்டுபிடித்து, அதற்குப் பதிலாகப் போனில் ஓர் ஆப் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரிசை. வரிசையில் இரண்டு கட்டம். ஒன்று 'சொல்லியாச்சு', இன்னொன்று 'பார்த்தாச்சு'. பழுதைக் கண்டவன் முதல் கட்டத்தை அமுக்க வேண்டும். அமுக்கினால் 'ஆம்' என்று மாறும், பக்கத்தில் அமுக்கியவனின் எண் விழும். என் எண் 417. சூப்பர்வைசர் அதைப் பார்த்து, ஆபத்து என்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டாவது கட்டத்தை அமுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெக்கானிக் வருவார். 'ஆம்' என்று இருப்பதையெல்லாம் பழுது பார்ப்பார். சரியானதும் சொல்லியாச்சு மறுபடி 'இல்லை' ஆகிவிடும். படிக்காதவனுக்கும் புரியும். படித்தவன் எழுதியது.

எழுதிய படித்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. வேறு இடம் கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லி எங்கள் பின் அறையில் வந்து தங்கினான். மூன்று வருஷமாக வேறு இடம் கிடைக்கவில்லை, பாவம். தேடினால்தானே கிடைக்கும்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை, ஆறு நாற்காலி, தண்ணீர் பாட்டில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் நடுவில். எங்கள் சூப்பர்வைசர் எதிரில். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாலு பேனா. எல்லாமே போனில் என்று ஆன பிறகும் சட்டைப் பையில் நாலு பேனா குத்திக்கொண்டு வருவார். ஒன்றிலும் மை தீர்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆப் செய்த நிறுவனத்தின் சார்பில் என் மச்சினன், நான் தேய்த்துக் கொடுத்த சட்டையில்.

"வணக்கம் சார்" என்றான் என்னைப் பார்த்து. காலையில் என் சோப்பில் குளித்தவன்.

மேடம் என்னிடம் ஆரம்பித்தார். "லிஃப்ட் பழுதுன்னு என்னைக்குச் சொன்னீங்க?"

"விழுந்ததுக்கு முந்தின திங்கக்கிழமை மேடம். காலையில முதல் நடை இறங்கும்போதே ஒரு குலுக்கு குலுக்குச்சு. பிரேக் புடிக்கல. அன்னைக்கே சொல்லிட்டேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"கையுறையப் பல்லால கடிச்சு இழுத்து, போன எடுத்து அமுக்கினேன் மேடம். ரப்பர் வாடை இன்னும் வாயில இருக்கு. பத்து மணி இருக்கும்."

"கூட இருந்தவருக்குத் தெரியுமா?"

"தெரியும். 'சொல்லிட்டியாடா'ன்னு கேட்டான். 'ஆச்சுடா'ன்னேன்."

நாலு பேனா தொண்டையைக் கனைத்தார். "மேடம், அவர் அமுக்கினது உண்மைதான். நான் இல்லேங்கல. எப்ப அமுக்கினாருங்கறதுதான் விஷயம். லிஃப்ட் விழுந்ததும் கூட்டாளியக் காப்பாத்தணுமேன்னு ஓடிப்போய் அமுக்கியிருப்பாரு. மனுஷன் இளகின மனசுக்காரர்."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மேடம் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். சரக்கு லிஃப்ட். சொல்லியாச்சு: ஆம், 417. பார்த்தாச்சு: ஆம். அவ்வளவுதான். மேடம் விரலால் திரையைத் தள்ளிப் பார்த்தார். கீழே எதுவும் இல்லை. பக்கவாட்டிலும் இல்லை.

"தேதி எங்கே?"

எல்லோரும் என் மச்சினனைப் பார்த்தோம். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"தேதி கேட்கல மேடம். ஆமாவா இல்லையான்னுதான் கேட்டாங்க. ட்ரூ, ஃபால்ஸ். ட்ரூன்னா ஆச்சு, ஃபால்ஸ்னா ஆகல."

"எப்ப ஆச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"சர்வர்ல யார் எப்ப என்ன அமுக்கினாங்கன்னு ஒரு பதிவு இருக்கும் மேடம். முப்பது நாள் வரைக்கும். அப்புறம் தானா அழிஞ்சிடும்."

"விபத்து நடந்து?"

"முப்பத்தஞ்சு நாள் ஆச்சு மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு நாலு பேனாவிடம், "சரி, பார்த்தாச்சுன்னு உங்க கட்டமும் ஆம்னு இருக்கே. நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"பார்த்தாச்சு மேடம்."

"எப்ப?"

"அதான் மேடம், பார்த்தாச்சு. பார்க்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் விழுந்திருக்கு."

வக்கீல்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசியிருக்க மாட்டார். இரண்டு 'ஆம்' இருந்தது. எது முதல், எது பிறகு, லிஃப்ட் விழுந்தது எந்த இரண்டுக்கு நடுவில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் சொன்னதும் உண்மை, நாலு பேனா பார்த்ததும் உண்மை, ஒட்டகத்துக்கு இரண்டு விரல் இல்லாததும் உண்மை. இத்தனை உண்மையையும் வைத்துக்கொண்டு மேடத்தால் ஒரு வரி எழுத முடியவில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் டைம்" என்றார் எழுந்துகொண்டே. "விபத்துக்கு முன்னாடி சொன்னதுக்கு ஆதாரம் வந்தா பார்க்கலாம். இல்லேன்னா சொல்லலன்னுதான் முடிக்கணும். எனக்கு வேற வழியில்ல."

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மச்சினன் எனக்கு முன்னால் போய்ச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். என் மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு எண்ணூறு போர்வை அவள் கையால் போய்த் திரும்பும். நின்று நின்று கணுக்கால் வீங்கி, வீட்டில் செருப்பே போட மாட்டாள்.

"என்னங்க, என்ன சொன்னாங்க?"

"உன் தம்பியைக் கேளு. எனக்கு வணக்கமெல்லாம் சொன்னாரு. சாருன்னாரு."

"மாமா, அங்க உறவுன்னு தெரிஞ்சா சாட்சி செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"சாட்சி செல்லும் மாப்ள. உன் ஆப்தான் செல்லல."

நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டேய், தேதி இல்லையா? ஒரு தேதிகூட இல்லையா?"

"அக்கா, ஆமா-இல்லைன்னா ஒரு துளி இடம் போதும். தேதி, நேரமெல்லாம் வெச்சா இடம் புடிக்கும்."

"எவ்வளவு புடிக்கும்?"

"எட்டு மடங்கு. சில சமயம் அதுக்கு மேலயும்."

"அதான் எவ்வளவுடா? இந்த மேஜை அளவா, இந்த வீட்டளவா?"

அவன் யோசித்தான். "ஒரு கிடங்குக்கு... ஒரு வருஷத்துக்கு... நீ போன்ல எடுப்பியே ஒரு ஃபோட்டோ, அதுல கால்வாசி."

நான் வேலை செய்யும் கிடங்கின் ஒரு முனையில் நின்று கத்தினால் மறுமுனையில் கேட்காது. அதற்குள் கடுகளவு இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறான் என் மச்சினன். அதற்கு அவன் நிறுவனம் போன வருஷம் அவனுக்குச் சால்வை போர்த்தாத குறை.

"எங்க சலவையில ஒரு அழுக்குப் போர்வைக்குச் சீட்டு குத்துவோம்" என்றாள் மனைவி. "எப்ப வந்துச்சு, எப்பத் துவைச்சோம், எப்பப் போச்சு. மூணு வரி. போகலேன்னா மூணாவது வரி காலி. காலியா இருந்தா இன்னும் இங்கதான் இருக்குன்னு அர்த்தம். தனியா 'போச்சா, இல்லையா'ன்னு ஒரு கட்டம் போட்டு டிக் அடிக்க மாட்டோம். தேதி இருந்தா போச்சு, இல்லேன்னா இல்ல. எட்டாவது படிச்ச பொம்பளைங்க நாங்க. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்கா." அவன் குரல் இறங்கியது. "அப்படித்தான் செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆமா-இல்லைக்குப் பதிலா நேரத்தை வெச்சிட்டா ஒரே கட்டத்துல ரெண்டு பதிலும் வந்துடும். காலின்னா இல்ல, நேரம் இருந்தா ஆமா, எப்பன்னும் தெரியும். மாத்தறது பெரிய வேலையும் இல்ல."

"அப்ப ஏண்டா மாத்தல?"

"யாரும் கேட்கல."

அந்த நேரம் பார்த்துச் சமையலறைக் குழாய் சொட்டியது. என் மனைவி மெதுவாகத் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இந்தக் குழாய் சரி பண்ணியாச்சுன்னு சொன்னியே, எத்தனை நாள் ஆச்சு?"

அவன் வாயில் ரொட்டி. 

"நாலு மாசம் ஆச்சு. கேட்கும்போதெல்லாம் 'ஆச்சுக்கா'. டேய், ஆச்சுன்னா சும்மா வாயில வர்றதில்ல. முன்னாடி ஒரு கணக்கு இருக்கணும். மூணு நாள் ஆச்சு, அஞ்சு வருஷம் ஆச்சு. கணக்கில்லாத ஆச்சு பொய் ஆச்சு. நீ எதையாவது முடிச்சிட்டு முடிச்சாச்சுன்னு சொல்லியிருக்கியா, உன் பொறப்புல?"

திட்டு வாங்கிப் பழகியவன், தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ரொட்டியை எடுப்பான் என்று நினைத்தேன். எடுத்தான். பாதி வழியில் நின்றுவிட்டான். அவன் முகம் களிம்பு போல வெளுத்தது.

"மாமா..."

"என்னடா?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ஒண்ணா?"

அவன் சொன்னான். ஆப் ஆரம்பித்த காலத்திலிருந்து, தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மொத்த டேட்டாபேஸையும் ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் சேர்த்து வைக்கும்படி செய்திருந்தானாம். பதினாலு மாதத்துக்கு முன்னால், அந்த இடத்துக்கு வாடகை அதிகம், நிறுத்து என்று அவன் மேலாளர் சொன்னார். சொன்ன வேலைகளை எழுதி வைக்கும் பட்டியலில் 'நகல் எடுப்பதை நிறுத்தியாச்சா' என்று ஒரு கட்டம். இவன் அதில் டிக் போட்டான். மேலாளர் டிக்கைப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

"நிறுத்தினியா?"

"டிக் போட்டேன்."

"நிறுத்தினியாடா?"

"நாளைக்கு நிறுத்தலாம்னு இருந்தேன் மாமா."

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. அன்றைக்கு என் மனைவி தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். ஒரு நாளுக்கு ஒரு நகல், ஐந்நூறுக்கும் மேலே, அடுக்கி வைத்த பெட்டி மாதிரி. நிறுத்தியாச்சு என்று எழுதிய பிறகும் ஒருநாள் விடாமல் வந்து சேர்ந்திருந்தன. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே ஜீவன்.

"முதல்ல நாலு பேனாவப் பாரு" என்றேன்.

ஆப் ஆரம்பித்த நாளின் நகலைத் திறந்தான். சரக்கு லிஃப்ட், பார்த்தாச்சு: ஆம். நடுவில் எங்கெங்கோ திறந்தான். ஆம். ஆம். ஆம். ஆரம்பித்த அன்றைக்கு நாலு பேனா எல்லாக் கட்டத்தையும் வரிசையாக ஒரு தடவை அமுக்கிவிட்டிருக்கிறார். ஆம் என்பதற்கு வயசாகாது, நரைக்காது. ஒரு தடவை ஆம் என்றால் கடைசிவரை ஆம்தான்.

"இந்த லிஃப்ட் எப்ப வந்துச்சு மாமா?"

"பழசு போய் இது வந்து ஒரு வருஷம் ஆச்சு."

அவன் விரல் விட்டு எண்ணினான். "அப்ப இந்த லிஃப்ட் வர்றதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே அவர் இதைப் பார்த்தாச்சு."

நாலு பேனாவைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அவர் ஞானி.

"சரி, இப்ப நம்ம திங்கக்கிழமை" என்று கையைத் தேய்த்துக்கொண்டேன். இடுப்பு வலியே தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி பின்னால் நின்றாள்.

விபத்து நடந்த வாரத்தின் திங்கட்கிழமை நகல். மத்தியானம் பன்னிரண்டு. சரக்கு லிஃப்ட், சொல்லியாச்சு: இல்லை.

"வேற நாளத் திறந்திருக்க."

"இல்ல மாமா. இதான்."

"பத்து மணிக்கு அமுக்கினேன்டா. கையுறையப் பல்லால இழுத்து..."

செவ்வாய் மத்தியானம். இல்லை. புதன் மத்தியானம். ஆம், 417. வியாழன் காலைதான் லிஃப்ட் விழுந்தது.

"விழறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கீங்க மாமா. ஆதாரம் கெடைச்சிடுச்சு. கேஸ் ஜெயிச்சாச்சு."

"உன் நகல் தப்பு. நான் திங்கக்கிழமை அமுக்கினேன். சத்தியமா அமுக்கினேன்."

அவன் மறுபடி திங்கட்கிழமைக்குப் போனான். 417 என்று தட்டித் தேடினான். ஒரே ஒரு வரிசை வந்தது.

டீ மெஷின். சொல்லியாச்சு: ஆம், 417.

குழாய் மட்டும் பேசியது.

திங்கட்கிழமை காலை முதல் நடையில் லிஃப்ட் குலுங்கியது. ஒட்டகம் "இதை சொல்லிடுடா" என்றான். சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த லாரி வந்துவிட்டது, கையில் கையுறை, இடுப்பு வேறு. பத்து மணிக்கு டீ குடிக்கப் போனால் மெஷினில் தண்ணீர் மட்டும் வந்தது. அதைப் பார்த்ததும் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன். போனை எடுத்தேன். அமுக்கினேன். திரும்பி வந்ததும் ஒட்டகம் "சொல்லிட்டியாடா?" என்றான். அவன் கேட்டது லிஃப்டை. "ஆச்சுடா" என்றேன். சொல்லும்போது எதைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்ததா? இப்போது நினைத்துப் பார்த்தாலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வாயில் ரப்பர் வாடை இருந்தது. ஏதோ ஒன்று சொல்லியாகியிருந்தது. அது போதுமென்று இருந்தது.

செவ்வாய் மத்தியானம் மெக்கானிக் வந்தார். பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் டீ மெஷின் இருந்தது. சரிசெய்துவிட்டுப் போனார். நல்ல மனிதர், பட்டியலில் இருந்தால் லிஃப்டையும் பார்த்திருப்பார். புதன்கிழமை ஒட்டகம் நாள் முழுக்க லாரிப் பக்கம்; காலையில் நான் தனியாக இறங்கியபோது லிஃப்ட் இன்னும் மோசமாகக் குலுங்கியது. பத்து மணிக்கு, சரியாகிவிட்ட மெஷினில் சூடாக டீ பிடித்துக் குடித்துக்கொண்டே லிஃப்டின் கட்டத்தை அமுக்கினேன். நாலு பேனா பார்க்கவில்லை, நிறுத்தவும் இல்லை, அது அவர் தப்பு. மறுநாள் விழுந்தது.

"திங்களோ புதனோ, முன்னாடிதானே மாமா" என்றான் மச்சினன். ஆறுதல் சொல்கிறானாம்.

"டேய், சும்மா இரு" என்றாள் அவன் அக்கா.

திங்கட்கிழமை விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. மச்சினன் நகல்களைக் காட்டினான். நிறுத்தியாச்சு என்று டிக் போட்டு நிறுத்தாமல் விட்டதையும் அவனே சொன்னான். அவன் மேலாளர் போனில் கத்தியது சுவருக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டது. நாலு பேனா தன் ஐந்து மாத முன்கூட்டிய பார்வையை விளக்க முயன்று, முதல் பேனாவை எடுத்துத் திறந்து மூடி, இரண்டாவதை எடுத்தார். மேடம் அவரைப் பார்க்கக்கூட இல்லை.

நான் எழுந்து நின்றேன். "மேடம், ஒண்ணு சொல்லணும். திங்கக்கிழமைன்னு சொன்னேன். அது டீ மெஷின். லிஃப்ட சொன்னது புதன்கிழமை."

"விபத்துக்கு முன்னாடிதானே?"

"முன்னாடிதான். ஆனா செவ்வாக்கிழமை மெக்கானிக்..."

"இருங்க." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அவருடைய விசாரணைப் படிவம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: பழுது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா? ஆம். இல்லை. "என் படிவத்துல ரெண்டு கட்டம்தாங்க இருக்கு. நீங்க சொல்றத எங்க எழுதறது?"

ஆம் என்பதில் டிக் போட்டார். ஒட்டகத்துக்கு வைத்தியம், ஆறு மாதம் ஓய்வு, பிறகு உட்காரும் வேலை. நல்ல மேடம். படிவமும் நல்ல படிவம்.

அன்று மாலை ஒட்டகத்தைப் பார்க்கப் போனேன். தரைத்தளத்தில் ஒரே அறை. சன்னலோரம் கட்டிலில் காலை இரண்டு தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தான். கட்டுக்கு வெளியே மூன்று விரல் தெரிந்தது. அவற்றை எண்ணாமல் இருக்கப் பார்த்தேன்.

"வாடா! மேடம் போன் பண்ணாங்க. ஆம்னு போட்டுட்டாங்களாமே! அந்த நாலு பேனா மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லு சொல்லு."

சொன்னேன். ஐந்து மாத முன்கூட்டிய பார்வையைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. வலித்திருக்கும். அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீ மட்டும் அன்னைக்கே சொல்லலேன்னு வையி, நான் நடுத்தெருதான்டா. திங்கக்கிழமையே சொன்ன பாரு, அதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது. என்னைய மாதிரி அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்க மாட்ட. நீ ஆச்சுன்னா ஆச்சுதான். அந்த நம்பிக்கையிலதான்டா வியாழக்கிழமை ஏறுனேன். இந்நேரம் மெக்கானிக் பாத்திருப்பான்னு."

தண்ணீர் கேட்டேன். ஒட்டகத்தின் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தது அதுதான் முதல் தடவை. டம்ளரை வைத்துவிட்டு, "கால் எப்படி இருக்கு?" என்றேன். "இருக்கு" என்றான். எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சொல்லியாச்சா?"

நான் செருப்பைக் கழற்றினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அதை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன், அவளும் எடுத்துக்கொண்டாள்.

மச்சினனுக்குத் தண்டனை, எல்லா ஆச்சுகளையும் அவனே உட்கார்ந்து நேரமாக மாற்ற வேண்டும் என்பது. அவன் மகிழ்ச்சியோடு செய்தான். மூன்றே நாள்தான் ஆனது. இப்போது ஆப்பில் சொல்லியாச்சு என்ற கட்டத்தில் நாளும் மணியும் நிமிஷமும் விழுகிறது. காலியாக இருந்தால் இல்லை என்று அர்த்தம். நாலு பேனாவின் கட்டங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் காலியாகிவிட்டன. பாவம், நடந்து நடந்து பார்க்கிறார், இரண்டு கிலோ இளைத்திருக்கிறார். பின் அறைக்காரன் அந்த உற்சாகத்தில் குழாயையும் சரிசெய்தான். என் மனைவி சுவரில் பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறாள்.

ஒட்டகம் வேலைக்குத் திரும்பிவிட்டான். கிடங்கு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து லாரி எண்களைப் பதிகிறான். தினமும் காலையில் அவனைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். "என்னடா, இடுப்பு எப்படி?" என்பான். அது நாலு மாதமாக நடக்கிறது. அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொன்ன நேரம் இன்னும் காலி.

ஒட்டகத்துக்கு நான் இரண்டு நாள் கடன். ஒரு திங்கள், ஒரு செவ்வாய். இன்னும் தரவில்லை.